கடல் கடக்கும் சொல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று சென்னைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் ஊர்களைப் பற்றி நினைக்கும்போது, பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழுவது இரும்பின் ஓசையே ஆகும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று பிரகடனம் செய்த ஆவடியில், பத்தாண்டுகள் கழித்து விஜயந்தா டாங்கி உருவாகி வெளியே வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை இல்லாத தெருவைத் தேடவேண்டியிருந்த காலமும் ஒன்று உண்டு. அந்த ஆலைகளையும் பட்டறைகளையும் நம்பி வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேதியியலிலும் மொழியியலிலும் பொருளாதாரத்திலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, திருமுல்லைவாயிலில் ஒரு மாடிப் போர்ஷனின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழுவினருக்கு லேப்டாப் திரையின் வழியே தன் ஆராய்ச்சியை எடுத்துரைத்துக்கொண்டிருப்பது இப்போது இப்பகுதியில் அபூர்வமான சங்கதி அன்று.

இத்தகைய நேர்காணலுக்கு ஆயத்தமாவது எப்படி என்று கேட்டு வரும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசும் பாக்கியம், கல்லூரி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அவ்வப்போது கிடைத்து வருகிறது. விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, என்ன உடுத்துவது, கேமராவைப் பார்த்துப் பேசுவதா அல்லது திரையில் தெரியும் முகங்களைப் பார்த்துப் பேசுவதா என்பன போன்றவற்றையே அவர்கள் முதலில் கேட்கிறார்கள். அவையும் அவசியமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. தன்னை ஒருபோதும் கண்டிராத, தன் ஊரின் பெயரைக்கூடக் கேட்டிராத, தன்னோடு ஒரு வேளை சாப்பிட்டும் அறியாத சிலருக்கு, முக்கால் மணி நேரத்துக்குள், தன் பல வருஷத்து உழைப்பின் சாரத்தை ஒருவர் எவ்வாறு உணர்த்துவது? இந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே நம் நகரம் ஒருமுறை சந்தித்திருக்கிறது.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை, உத்தியோகத்துக்கான விண்ணப்பம் என்று யாரும் சொல்வதில்லை. எனினும் தூரத்தில் இருக்கும் ஓர் அறிவாளர் சபைக்குத் தன்னை அறிவித்துக்கொள்ளும் கலையில் அதைவிடச் சிறந்த பாடம் இருப்பதாக நான் அறியேன். தான் எங்கே வேலை பார்க்கிறோம், வருஷத்துக்கு இருபது பவுன்தான் சம்பளம், சர்வகலாசாலைப் பட்டம் இல்லை என்னும் விவரங்களைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, பிறகு பக்கம் பக்கமாகத் தம் கணித முடிவுகளையே அவர் எழுதிச்சென்றார்; ஏறத்தாழ 120 முடிவுகள் அதில் இருந்தன. தம் மேதைமையைப் பற்றிய அடைமொழிகளை அவர் நாடவில்லை. ஹார்டியையும் அவருடைய சகாவான லிட்டில்வுட்டையும் இரவு வெகுநேரம் வரை அந்தத் தாள்களோடு கட்டிப்போட்டவை அந்த முடிவுகளே.

ஆனால் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டிரினிடிக் கல்லூரியின் ஃபெல்லோவாக இருந்த நெவில் என்னும் இளைஞர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றக் கப்பலேறி வந்தார். ராமாநுஜனைச் சந்தித்துக் கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்கச் செய்யவேண்டும் என்பது ஹார்டி அவரிடம் ஒப்படைத்திருந்த பொறுப்பு. இருவரும் அருகருகே அமர்ந்து நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார்கள். மூன்றாம் சந்திப்பின்போது, அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துச்சென்று சாவகாசமாகப் பார்க்கிறீர்களா என்று ராமாநுஜனே கேட்டதாகவும், தமக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுவே தம்மைத் திகைக்கவைத்தது என்றும் நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பரீட்சிக்க வந்தவரும் அங்கே பரீட்சிக்கப்பட்டார். ராமாநுஜன் நம்பத் தகுந்தவர் என்று நெவில் கண்டுகொண்டது போலவே, இவரிடம் என் பொக்கிஷத்தைக் கொடுக்கலாம் என்று ராமாநுஜனும் கண்டுகொண்டார். அதற்குப் பிறகுதான், மார்ச் 17ஆம் தேதி, நெவாஸா என்னும் கப்பல் ராமாநுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது.

அந்தச் சந்திப்புகளில் நிகழ்ந்ததை இன்றைய நேர்காணலில் நிகழ்த்துவது யார்? சில வருஷங்களுக்கு முன்புவரை, அமெரிக்காவில் பல துறைகளின் வருடாந்திர மாநாடுகளின்போது ஹோட்டல் அறைகளில் முதற்கட்டத் தேர்வு நடப்பது வழக்கமாக இருந்தது. பின்னர் வரவழைக்கப்படுபவர், ஓரிரு நாள் அந்தப் பல்கலைக்கழகத்தில் தங்கி, சொற்பொழிவு நிகழ்த்தி, பலரோடும் உணவருந்தி, தம் குணத்தையும் குரலையும் அறியச் செய்வார். விமானக் கட்டணத்துக்கும் விசாவுக்கும் வழியில்லாத ஆவடி இளைஞனுக்கு அந்த முதல் கதவே மூடிக் கிடந்தது. 2020இல் தொற்றுநோய் உலகத்தை வீட்டுக்குள் அடைத்தபோது பரவலான இந்தத் திரைவழி நேர்காணல், அக்கதவைத் திறந்துவிட்டது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும், முன்பு ஒரு மனிதர் கடல் கடந்து வந்து பக்கத்தில் அமர்ந்து அறிந்துகொண்டதை எல்லாம், இப்போது விண்ணப்பதாரரின் சொல் ஒன்றே கடல் கடந்து போய் அறிவிக்கவேண்டியிருக்கிறது. ஆயத்தம் என்று நான் கருதுவது, அந்தப் பிரயாணத்துக்கு நம் சொல்லைத் தகுதியுடையதாக்குவதையே.

அந்தச் சொல் செல்லும் வழி மிகவும் சுவாரசியமானது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது 1870-71இல். இன்று அதே கரையில், சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸின் மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் செல்லும் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று உள்ளிட்ட பல கேபிள்கள் வந்து சேர்கின்றன. லேத்துகள் ஓடிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பகுதியிலோ, ஜன்னல் அதிகம் இல்லாத பெரிய தரவு மையக் கட்டடங்கள் எழுந்து, உலகத்தின் செய்திகளை இரவும் பகலும் வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அக்கட்டடங்களுக்கு மின்சாரம் ஒரு நொடியும் தடைப்படாது. அவற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, நேர்காணலுக்கு உட்காரப்போகும் பெண்ணின் வீட்டில், இன்வெர்ட்டரின் பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவளுடைய தகப்பனார் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள சுமார் 8,200 கிலோமீட்டரை அது விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்துவிடக்கூடும். ஆனால் கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை, குரலையும் உருவத்தையும் சுருக்கி விரிக்கும் வேலைக்கும், வீட்டு வைஃபையின் தடுமாற்றத்துக்கும் மேலும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் வரையறுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பத்து மொழிகளில் மக்கள் சம்பாஷிக்கும் முறையை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக ஐந்தில் ஒரு விநாடிதான் என்று காட்டியது. அவ்வளவு நுட்பமான தாளத்தில் பழகிய செவிக்கு, கம்பியில் நேர்ந்த தாமதம் பேசுபவரின் தயக்கமாகவே படும். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆதலால், கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் தொடங்குங்கள் என்றும், ஒரு கருத்து முடிந்த இடத்தில் குறுக்கே பேச இடம் கொடுத்து நிறுத்துங்கள் என்றும் நான் சொல்வதுண்டு. பார்ப்பதற்கு இது வெறும் உபாயம். ஆனால் எதிரே இருப்பவரும் ஒரு மனிதர், அவருக்கும் பேச இடம் வேண்டும் என்னும் மரியாதையே அதன் உட்பொருள்.

காலத்தின் சிக்கலோ இதனினும் பெரியது. 1906இல் இந்திய நேரம் என்னும் பொது நேரம் ஏற்படும்வரை, சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தையே இந்திய ரயில்கள் பெரும்பாலும் பின்பற்றி வந்தன. அவ்வாறு கடிகாரத்துக்குத் தலைநகரமாக இருந்த ஊரில் இன்று நாம் பிறர் கடிகாரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனின் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னே போய் அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே வருகிறது; அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அந்த நாட்கள். இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கணக்கை நம்பி இருப்பவர் ஒரு மணி நேரம் தவறிவிடக்கூடும். லண்டனின் பிற்பகல் இரண்டு மணி கோடையில் நமக்கு மாலை ஆறரை. சிகாகோவின் காலைப் பத்து மணி கோடையில் நமக்கு இரவு எட்டரை. மெல்போர்னின் காலைப் பத்து மணியோ டிசம்பரில் நமக்கு விடியற்காலை நாலரை.

இந்த நேரங்களை நம் தெருக்களின் மீது வைத்துப் பாருங்கள். விடியற்காலை நாலரை மார்கழியானால், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும் வேளை. மாலை ஆறரை ஆடியானால், திருவேற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அம்மன் பாட்டில் முழுகியிருக்கும் வேளை. இரவு எட்டரை என்றால், மாடியிலும் கீழேயும் தொலைக்காட்சித் தொடர்கள் ஓடும், எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், தண்ணீர் லாரி வந்து நிற்கும், தெருநாய்கள் அதைத் துரத்தும். தேர்வுக் குழுவினர் காண்பது ஒரு வெள்ளைச் சுவரையும் அதன் முன்னே ஒரு முகத்தையும் மட்டுமே. அந்த வெண்மையையும் மௌனத்தையும் உண்டாக்குவதற்காக, அம்மா அன்றைய சமையலை மாலையிலேயே முடித்துவைக்கிறாள். தம்பி தன் போனை ஹாட்ஸ்பாட் ஆக்கிக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான். கீழ்வீட்டு மாமியிடம், “இன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க மாமி, பொண்ணுக்கு வெளிநாட்டு இன்டர்வியூ” என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். மாமியும் டிவியை நிறுத்தியே விடுகிறாள். உலகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் முன்னால் ஒருத்தி தனியே அமர்ந்திருப்பதற்கு ஒரு தெருவே ஒத்தாசை செய்கிறது என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதை நினைக்குந்தோறும் என் மனம் கனிகிறது.

இனி, சொல்லப்படும் விஷயத்துக்கு வருவோம். திருக்குறளின் பொருட்பாலில் அவையறிதல் என்னும் அதிகாரம் முன்னும் அவையஞ்சாமை என்னும் அதிகாரம் அதை அடுத்தும் அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத் தக்கது. அச்சமின்மையைத் தேடி அலைகிறவர்களுக்கு, முதலில் அவையை அறி என்பதே விடை. குழுவில் இருப்பவர்கள் யார், அவர்கள் அண்மையில் எழுதிய கட்டுரைகள் எவை, அந்தத் துறையில் எந்தப் பாடத்தை நடத்த ஆள் இல்லை, அங்கே படிக்க வரும் மாணவர்கள் எத்தகையவர்கள் என்று தேடிப் படிப்பதில் செலவாகும் ஒரு வாரம், கண்ணாடி முன் நின்று பேசிப் பழகும் ஒரு மாதத்துக்கு மேலானது. பிரிட்டனில் பெரும்பாலும் எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கிறார்கள். ஆகவே கேள்விகள் ஓரளவுக்கு ஊகிக்கத் தக்கவை. உங்கள் ஆராய்ச்சியைப் பிற துறையாருக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்வீர்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வரும். முதலாண்டு மாணவர்களுக்கு என்ன கற்பிப்பீர்கள். எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா. கடைசிக் கேள்விக்கு ஒன்றுமில்லை என்று பதில் சொல்லிப் பழகியவர்கள் நம்மவர்கள். சபையில் பெரியவர்களைக் கேள்வி கேட்பது பண்பாடாகாது என்று நம் வகுப்பறைகள் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றன. ராமாநுஜன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துச்செல்கிறீர்களா என்று கேட்டது போல, நேர்காணல் இருவருக்கும் உரியது என்று அவர்களுக்கு எடுத்துச்சொல்லவேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளின் பெரிய சங்கடம் வேறு. நான் செய்தேன் என்று சொல்ல அவர்களுக்கு நா எழுவதில்லை. எங்கள் ஆய்வகத்தில் செய்தோம், ஆசிரியர் வழிகாட்டினார், செய்யப்பட்டது என்றெல்லாம் சொல்லித் தம்மை மறைத்துக்கொள்கிறார்கள். குழுவினரோ, இதில் உங்கள் பங்கு எது என்று மறுபடியும் கேட்கிறார்கள். அடக்கத்தை விட்டுவிட்டுத் தற்பெருமை பேசக் கற்றுக்கொள் என்று இதற்கு உபதேசிப்பவர்கள் உண்டு. அது எனக்குச் சம்மதமில்லை. இந்தப் பரிசோதனையை வகுத்தவள் நான், இந்தக் கருவியை அமைத்தவர் என் சக மாணவர், இந்தக் கேள்வி என் ஆசிரியருடையது, இதுவரை விடை காணாத பகுதி இது என்று உள்ளதை உள்ளபடி பங்கிட்டுச் சொல்வதற்குத் தற்பெருமை தேவையில்லை. தன் பங்கைக் கூட்டிச் சொல்வது எவ்வளவு பொய்யோ, குறைத்துச் சொல்வதும் அவ்வளவு பொய்யே. உண்மையான அடக்கம் அளவு தவறாமையில் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்துகொண்ட கணத்தில் குரல் தானே தெளிந்துவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மனப்பாடம் இன்னொரு இடையூறு. முழு விடைகளையும் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, கண் அங்கும் இங்கும் ஓட ஒப்பிக்கிறார்கள். கேள்வி சற்றே திசை மாறினால் தடுமாறிவிடுகிறார்கள். பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், வைணவ ஆசாரியரான ராமாநுஜர் தம் மனத்தில் வைத்திருந்த சந்தேகங்களைக் காஞ்சி வரதராஜப் பெருமாளிடம் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளைப் பதிலாகப் பெற்றுவந்தார் என்று வைணவ சம்பிரதாயம் கூறுகிறது. ஒரு பெரிய தரிசனத்தின் அஸ்திவாரம் ஆறு வார்த்தைகளில் அடங்கியது. ஒவ்வொரு வார்த்தையையும் கொண்டு நாள் முழுவதும் பேசலாம். ஆராய்ச்சியைப் பற்றியும் அத்தகைய ஐந்தாறு வாக்கியங்களை மட்டும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, மற்றதைக் கேள்வியின் போக்குக்கு ஏற்ப விரித்துக்கொள்வதே சிறந்த வழி என்று நான் சொல்லிவருகிறேன்.

அந்த ஐந்தாறு வாக்கியங்களை எங்கே கண்டெடுப்பது? வீட்டிலே, தமிழிலே என்பேன். கலைச்சொற்களின் பின்னே ஒளிந்துகொள்ள வழியில்லாத இடம் வீடு. என்னிடம் வந்த ஒரு மாணவி, மண்ணில் கலந்த காரீயத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு கட்டுப்படுத்துவது பற்றி ஆராய்ந்தவள். ஆங்கிலத்தில் அவள் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார் என்று அனுப்பினேன். பாட்டரி உடைக்கும் பட்டறைகளை அடுத்து வாழ்ந்த அந்த அம்மாள், “அப்போ அந்த மண்ணுல கீரை போட்டா சாப்பிடலாமா, கூடாதா?” என்று கேட்டாராம். தன் ஆராய்ச்சி விடை தேடும் கேள்வி அதுவே என்று அவளுக்கு அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது. நேர்காணலில் அவள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினாள். குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று பிறகு சொன்னாள். இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் தான் எதற்காக உழைக்கிறோம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லும் வன்மை அவளுக்கு வாய்த்துவிட்டது. அதை எந்தக் குழுவும் அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

குழுவினருக்கும் ஒரு கடமை உண்டு. ஆங்கிலம் நம் பிள்ளைகளில் பலருக்கு வகுப்பறையில் மட்டும் வாழ்ந்த மொழி. அதன் உச்சரிப்பில் தமிழின் சாயல் இருப்பது இயல்பு. ஒலி அறுபட்டு வரும் கணத்தில் அந்தச் சாயலும் சேர்ந்துகொள்ள, கேட்பவர் களைத்து, விஷயமே மங்கலானது என்று எண்ணிவிடக்கூடும். வழியின் குறையைப் பேசுபவரின் குறையாகக் கொள்ளாதிருப்பது நீதி. பக்கத்தில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய நெவிலின் பொறுமையில் ஒரு பங்கேனும் திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் வேண்டும்.

நம் கடமையோ இன்னும் அருகில் இருக்கிறது. ராமாநுஜனை இந்த நகரம் தனியே விட்டுவிடவில்லை. துறைமுகக் கழகத்தின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். பட்டம் இல்லாதவர் என்று தள்ளாமல், சென்னைப் பல்கலைக்கழகம் 1913இலேயே மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. இன்று தேவைப்படுவது அவ்வளவுகூட இல்லை. பட்டாபிராமிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர் இருக்கிறது, நல்ல இணைய இணைப்பு இருக்கிறது, சத்தம் புகாத அறை ஒன்றாவது இருக்கிறது. மாலையில் பூட்டப்படும் அந்த அறைகளில் ஒன்றை, தம்மிடம் படித்தவரா என்று பாராமல், கேட்டு வரும் ஆராய்ச்சியாளர் எவருக்கும் இரவு பத்து மணி வரை திறந்துவிடுமாறும், முந்தைய நாள் ஒரு மூத்த ஆசிரியர் அவரோடு உட்கார்ந்து அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்குமாறும், இப்பகுதிக் கல்லூரி முதல்வர்களை நான் வேண்டிக்கொள்கிறேன்.